இந்தக் கார் அந்தக் கார்தானா?



பேரவை மலருக்குப் படைப்புகள் கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். நிலாவும் நட்பும் இந்த வருஷ மலரிலும் குறைவில்லாமல் வரும், கவலை வேண்டாம்! எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது இரும்பும் தகரமும்தான். அதனால் கார்களைப் பற்றி எழுதுகிறேன்.

நம் ஊர் ரோட்டில் ஓடும் கார்கள் அல்ல. இத்தாலியில் 1930களிலிருந்து 1960கள் வரை, அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டிப் பாடி கட்டிய ஸ்போர்ட்ஸ் கார்கள். சில மாடல்களில் முப்பது நாற்பது கார்தான் செய்தார்கள். சிலவற்றில் ஒன்றே ஒன்று. அந்தக் கார்களின் வேகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குள்ளது ஒரே ஒரு கேள்வி. அறுபது வருஷத்துக்கு முன்னால் செய்த ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தி, “இது அந்தக் கார்தான்” என்று ஒருவர் சொன்னால், அதை எப்படி நம்புவது?

சிரிக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு விடை தேடுவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் அமெரிக்காவில் மாண்டெரி என்ற ஊரில் நடந்த ஏலத்தில் ஒரு ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு 330 கோடிக்கும் மேல்! அந்தப் பணம் அலுமினியத்துக்கும் இரும்புக்கும் கொடுத்ததல்ல. அதே அளவு, அதே வடிவத்தில் ஒரு நகல் காரை அதில் சிறு பங்குச் செலவில் செய்துவிடலாம். மீதிப் பணம் எல்லாம் “அந்தக் கார்தான்” என்ற ஒரு வார்த்தைக்கு.

பாடி கட்டுவது என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கரூர் பக்கம் இருந்து வரும் நண்பர்களுக்கு விளக்கவே தேவையில்லை. சேஸும் என்ஜினும் மட்டும் கம்பெனியிலிருந்து வரும். டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மேலே கூரை இல்லாமல், முன்னால் கண்ணாடி இல்லாமல் அதை ஓட்டி வருவார். கரூர்ப் பட்டறையில் அதற்குக் கூண்டு கட்டுவார்கள். பிறகுதான் அது பஸ். இத்தாலியிலும் அதே முறைதான். ஃபெராரி கம்பெனி மாரனெல்லோவில் சேஸும் என்ஜினும் செய்யும். கூண்டு கட்டுவது வேறு ஆட்கள். டூரினில் பினின் ஃபரீனா, மிலானில் டூரிங், ஜகாட்டோ, மோடெனாவில் ஸ்காலியெட்டி. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கை, ஒரு பாணி.

டூரிங் பட்டறையை 1926இல் ஆரம்பித்தவர் ஃபெலிச்சே பியாங்கி ஆண்டர்லோனி. அவர்கள் 1936இல் ஒரு முறைக்குப் பேட்டன்ட் வாங்கினார்கள். பெயர் ‘சூப்பர்லெஜ்ஜெரா’. அதாவது ரொம்ப லேசானது. மெல்லிய இரும்புக் குழாய்களை வளைத்து வெல்டு வைத்து ஒரு கூடு செய்வார்கள். அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்கு இரண்டாம் செமஸ்டரிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கும் தெரியும். நடுவில் துணி வைத்தார்கள். எண்பது வருஷம் கழித்து அந்தக் காரைப் பிரிப்பவர்கள் முதலில் பார்ப்பது, அந்தக் குழாய் துருப்பிடித்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான்.

இப்போது நம்பருக்கு வருவோம்.

ஒவ்வொரு சேஸிலும் ஒரு எண் குத்தியிருப்பார்கள். அந்தக் கால ஃபெராரியில் எண்ணைப் படிப்பதே ஒரு பாடம். மாடல் பெயரில் வரும் 250 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, சி.சி. கணக்கில். பன்னிரண்டு சிலிண்டரால் பெருக்கினால் 3,000. உண்மையில் 2,953 சி.சி. 375 என்றால் பன்னிரண்டால் பெருக்கி 4,500. பரீட்சைக்கு இப்படி நேராக ஒரு கணக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பொதுவாக ரேஸ் கார்களுக்கு இரட்டைப்படை எண், ரோட்டுக் கார்களுக்கு ஒற்றைப்படை எண். ஜி.டி.ஓ. ரேஸுக்காகவே செய்த கார். ஆனால் ரோட்டுக் கார் வரிசையின் தொடர்ச்சி என்று காட்டித்தான் போட்டிக்கு அனுமதி வாங்கினார்கள். அதனால் அதற்கு ஒற்றைப்படை. 1962 முதல் 1964 வரை மொத்தமே 36 செய்தார்கள்.

ஏலத்தில் போன அந்தக் காரின் எண் 3413 ஜி.டி. அதன் கதையைக் கேளுங்கள். 1962இல், சிசிலித் தீவில் நடக்கும் டார்கா ஃபுளோரியோ பந்தயத்துக்கு முன் ஃபில் ஹில் இதைச் சோதனை ஓட்டம் ஓட்டினார். 1961இன் உலக சாம்பியன் அவர். பிறகு எடுவார்டோ லுவால்டி என்பவர் வாங்கி, அந்த வருஷமே இத்தாலிய ஜி.டி. பிரிவு சாம்பியன் ஆனார். 1963இலும் 1964இலும் டார்கா ஃபுளோரியோவில் அதன் பிரிவில் முதலாவதாக வந்தது. 1964இல் அதன் சொந்தக்காரர் கொராடோ ஃபெர்லாய்னோ. கால்பந்து ரசிகர்களே, இவர் யார் தெரியுமா? 1984இல் மாரடோனாவை நேப்போலி அணிக்குக் கொண்டுவந்தாரே, அந்தத் தலைவர்தான்!

விஷயம் இனிமேல்தான். 1964இல் இந்தக் காரை ஸ்காலியெட்டி பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய பாடியை எடுத்துவிட்டு, அந்த வருஷத்துப் புது வடிவத்தில் வேறு பாடி போட்டார்கள். அதாவது 1962இல் ஃபில் ஹில் உட்கார்ந்து ஓட்டிய அந்த உருவம் இன்று இல்லை. என்ஜின் அதேதான், கியர் பாக்ஸ் அதேதான், பின் ஆக்ஸில் அதேதான். மேல்தோல் வேறு. அப்படியானால் இது அந்தக் கார்தானா? “ஆமாம்” என்றார்கள். ஏனென்றால், மாற்றியது அந்தக் காலத்திலேயே, அதே பட்டறையில், எழுத்தில் சாட்சியோடு. இதே வேலையை 1994இல் வேறொரு ஊரில் யாரோ செய்திருந்தால் அந்த விலை வந்திருக்குமா? வந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கும் உண்டு. 2819 ஜி.டி. என்ற ஃபெராரி. 1961இல் வந்தபோது அழகான சின்ன கூப்பே. வோல்பி என்ற இளம் பிரபு தன் ரேஸ் அணிக்காக ஜி.டி.ஓ. கேட்டார். ஃபெராரியோடு மனஸ்தாபம், கார் கிடைக்கவில்லை. அவர் என்ன செய்தார்? ஃபெராரியை விட்டு வெளியே வந்திருந்த எஞ்சினியர் ஜியோட்டோ பிட்ஸாரினியைக் கூப்பிட்டு, இருந்த காரையே மாற்றச் சொன்னார். பிட்ஸாரினி என்ஜினைப் பின்னுக்கும் கீழுக்கும் தள்ளி வைத்தார். கூரையைக் கடைசிவரை நேராக நீட்டி, பின்பக்கத்தை வெட்டியதுபோல நிறுத்தினார். பியெரோ ட்ரோகோ பட்டறையில் பாடி கட்டினார்கள். பார்க்க ரொட்டி கொண்டுபோகும் வேன் மாதிரி இருந்ததால் ‘பிரெட் வேன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1962 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜி.டி.ஓ.க்களை முந்திக்கொண்டு ஓடியது. நாலு மணி நேரத்தில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் பக்கம் கோளாறு வந்து நின்றுபோனது. இந்தக் காரை ரிப்பேர் பார்ப்பவன் எதுவாக மாற்ற வேண்டும்? பிறந்தபோது இருந்த கூப்பேயாகவா, பேர் வாங்கித் தந்த வேனாகவா? வேனாகவே வைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

காகிதங்களைத் தேடுவது தனி உலகம். இத்தாலியில் 1927 முதல் வாகனங்களுக்கு ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. அந்த நாட்டு ஆட்டோமொபைல் கிளப்தான் அதை நடத்துகிறது. அதில் மனுப் போட்டால் முதல் சொந்தக்காரர் யார், எந்தத் தேதியில் யாருக்கு விற்றார், அவர் யாருக்கு விற்றார் என்று வரிசையாக எழுதித் தருவார்கள். நிலம் வாங்கும்போது நம் ஊர் ரிஜிஸ்டர் ஆபீசில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்போமே, அதே மாதிரி. பழைய நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும். எம்.ஐ. என்றால் மிலான், டி.ஓ. என்றால் டூரின், எம்.ஓ. என்றால் மோடெனா. 1994 வரை அந்த முறை இருந்தது. வேறு மாவட்டத்துக்காரர் வாங்கினால் பிளேட் மாறும். அதனால் ஒரே காருக்கு மூன்று நாலு பிளேட் எண் இருக்கலாம். ஒவ்வொன்றையும் கோர்க்க வேண்டும்.

கோர்ப்பதற்குப் புகைப்படம் வேண்டும். மில்லே மிலியா என்ற பந்தயம் 1927 முதல் 1957 வரை நடந்தது. பிரெஷ்ஷா ஊரில் புறப்பட்டு ரோம் போய்த் திரும்ப வேண்டும், சுமார் 1,600 கிலோமீட்டர், சாதாரண ரோட்டிலேயே! அதில் காரின் மேல் எழுதும் எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. புறப்பட்ட நேரம்தான் எண். 1955இல் ஜெயித்த ஸ்டர்லிங் மாஸின் மெர்சிடிஸில் 722 என்று எழுதியிருக்கும், காலை 7 மணி 22 நிமிஷத்துக்குப் புறப்பட்ட கார். ஆகவே ஒரு பழைய போட்டோவில் கதவின் மேல் எண் தெரிந்தால், பந்தயப் பட்டியலோடு ஒப்பிட்டு ஓட்டியவர் யார் என்று பிடித்துவிடலாம். கூடவே பிளேட்டும் தெரிந்தால் பதிவேடு. பதிவேட்டிலிருந்து சேஸ் எண். கடிகாரத்தில் ஆரம்பித்து இரும்பில் போய் முடிகிற துப்பறியும் வேலை!

சைமன் மூர் என்ற எழுத்தாளர் ஆல்ஃபா ரோமியோவின் 8சி 2900 என்ற ஒரே ஒரு மாடலுக்காக 1986இல் ஒரு தடிமனான புத்தகமே போட்டார். எட்டு சிலிண்டர் வரிசையாக நிற்கும் என்ஜின், இரண்டு சூப்பர்சார்ஜர், பெரும்பாலானவற்றுக்கு டூரிங் பாடி. ஒவ்வொரு காராக, யார் வைத்திருந்தார், எந்த நாட்டுக்குப் போனது, எந்த என்ஜின் எந்தச் சேஸில் ஏறியது என்று தேடித் தேடி எழுதியிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த துப்பு இதெல்லாம் இல்லை. ஒரு தலையணை!

1969இல் ‘தி இத்தாலியன் ஜாப்’ என்று ஒரு ஆங்கிலப் படம் வந்தது. ஆரம்பத்திலேயே ஆரஞ்சு நிற லம்போர்கினி மியூரா ஒன்று ஆல்ப்ஸ் மலைப்பாதையில் வளைந்து வளைந்து போகும். பாடி பெர்டோனே பட்டறையுடையது. பிறகு ஒரு சுரங்கப்பாதையில் மோதி நொறுங்கும். நொறுங்கியதாகக் காட்டியது, ஏற்கெனவே அடிபட்டுக் கிடந்த வேறொரு மியூரா. மலையில் ஓடியது புத்தம்புதுக் கார். படப்பிடிப்பு முடிந்ததும் அதை வாங்கியவரிடம் பழுதில்லாமல் கொடுக்க வேண்டும். அதன் சீட் வெள்ளைத் தோல். அழுக்காகிவிடும் என்று அதைக் கழற்றிவிட்டு, கம்பெனியில் சோதனைக்கு வைத்திருந்த கறுப்பு சீட்டைப் போட்டார்கள். ஆனால் தலை சாய்க்கும் தலையணை சீட்டோடு சேர்ந்ததல்ல. பின்னால் என்ஜினைப் பிரிக்கும் கண்ணாடியில் பொருத்தியது. அதை மாற்ற நேரமில்லை. ஆகவே படத்தில் கறுப்பு சீட்டும் வெள்ளைத் தலையணையும்! ஐம்பது வருஷம் அந்தக் கார் எது என்று தேடினார்கள். 2019இல் லம்போர்கினி கம்பெனியின் பழைய கார்ப் பிரிவு, காகிதங்களையும் காரையும் அந்தக் காலத்து ஊழியர் சொன்ன சாட்சியத்தையும் வைத்து, சேஸ் எண் 3586தான் அது என்று சான்றிதழ் கொடுத்தது. அவசரத்தில் மாற்றாமல் விட்ட ஒரு சின்னத் தலையணை, அதை மாற்றாத மனிதருக்கு ஞாபகம் இருந்தது!

இவ்வளவு பணம் புரளும் இடத்தில் தில்லுமுல்லு இல்லாமல் இருக்குமா? ஒரு சேஸ் எண்ணை இரண்டு கார்கள் தம்முடையது என்று சொல்லி நின்ற வழக்குகள் உண்டு. விபத்தில் நொறுங்கிய காரின் சேஸ் துண்டை ஒருவர் வைத்திருப்பார், என்ஜினை இன்னொருவர் வைத்திருப்பார், இருவரும் மீதியைப் புதிதாகக் கட்டுவார்கள். கோர்ட்டுக்குப் போகும். அதைவிட என்னை வருத்தப்படுத்துவது வேறு. ஃபெராரி 250 ஜி.டி.ஈ. என்று ஒரு மாடல், 1960 முதல் 1963 வரை 950 சொச்சம் செய்தார்கள். பின்னால் இரண்டு பேர் உட்காரக்கூடிய குடும்பக் கார். ஒரு காலத்தில் விலை மலிவாகக் கிடைத்தது. அதனால் அதன் பாடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சேஸை வெட்டிச் சுருக்கி, என்ஜினை எடுத்து ஜி.டி.ஓ. போலவே நகல் கார்கள் செய்தார்கள். பிரபலமான ஒரு காரின் சாயலுக்காக, பிரபலமில்லாத ஒரு நிஜக் காரைக் கொன்றார்கள்! அதில் யாரோ பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டிருப்பார். அந்தக் கதை எல்லாம் பழைய இரும்புக்குப் போனது. ஜி.டி.ஈ. வரிசையில் தப்பித்தவற்றில் ஒன்று 3999 என்ற எண். ஏனென்றால் அது ரோம் நகரப் போலீஸ் கார்! அர்மாண்டோ ஸ்பத்தஃபோரா என்ற போலீஸ்காரர் அதில் திருடர்களை விரட்டிய கதை ஊருக்கே தெரியும். கதை இருந்ததால் கார் இருக்கிறது.

இதைப் படித்தபோதுதான் நண்பர்களே, எனக்கு எங்கள் வீட்டு ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். இங்கே சேர்வதற்காகக் காகிதம் சேர்த்த அந்த மாசத்தை மறக்க மாட்டேன். அப்பாவின் பிறந்த தேதி எந்தக் காகிதத்திலும் சரியாக இல்லை. மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின வாரம் என்று அப்பத்தாவுக்கு ஞாபகம். எந்த வருஷத்துப் பண்டிகை? “பெரிய மழை பேஞ்ச வருசம்” என்றது. ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று போட்டிருக்கிறது, தெரு முழுக்கப் பாதிப்பேருக்கு அதே பிறந்தநாள். தாத்தாவுக்கு ஒரு காகிதமும் இல்லை, ஒரு போட்டோவும் இல்லை. ஒரு கார் 1938இல் எந்த மாசம் எந்த பார்டரைத் தாண்டியது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பொறாமையாக இருந்தது, சத்தியமாக.

அப்பா டிங்கர். இப்போது பைபாஸ் ஓரம் சின்னப் பட்டறை. அதற்கு முன் பதினோரு வருஷம் கரூரில் ஒரு கூண்டு கட்டும் பட்டறையில் இருந்தார். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஒரு நாள் ராத்திரி செல்போனில் செர்ஜியோ ஸ்காலியெட்டியைப் பற்றி அவருக்குப் படித்துக் காட்டினேன். ஸ்காலியெட்டி 1920இல் மோடெனா பக்கம் தச்சுவேலைக்காரர் மகனாகப் பிறந்தவர். பதிமூன்று வயதில் அப்பா இறந்துபோனார். படிப்பை விட்டு ஒரு கார்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1951இல் சொந்தப் பட்டறை. டிராயிங் ஷீட் பார்த்து வேலை செய்தவர் அல்ல அவர். கம்பியை வளைத்து உருவம் கட்டி, கண்ணாலேயே அளந்து, மணல் மூட்டையின் மேல் தகட்டை வைத்துச் சுத்தியால் அடித்தே வளைவைக் கொண்டுவருவார். நமக்கு எஞ்சினியரிங் டிராயிங் பேப்பர் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார். 2004இல் ஃபெராரி கம்பெனி ஒரு காருக்கே அவர் பெயரை வைத்தது. 2011இல், 91 வயதில் இறந்தார்.

அப்பா பட்டறைப் போட்டோவை வாங்கிப் பார்த்தார். காரைப் பார்க்கவில்லை. பின்னால் குனிந்து வேலை செய்கிற ஆட்களின் கையைப் பார்த்தார்.

“மரக்கட்டைய வெட்டிப் போட்டு அதும்மேல அடிக்கறாங்க பாரு கண்ணு. நாங்களும் முதல்ல அப்படித்தான்.”

“இவங்க பேரெல்லாம் எங்கியும் இல்லீங்கப்பா. ஸ்காலியெட்டி பேரு மட்டும் இருக்குது.”

“இருக்காது” என்றார், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதுபோல.

ஆனால் வேறொன்று இருக்கிறது. இந்தக் கார்களைப் பிரிக்கும்போது கதவின் உள்பக்கத்தில், பானெட்டின் கீல் மேல், சீட்டுக்கு அடியில் பட்டறைக்காரர்கள் போட்ட பாடி எண் கிடைக்கும். சிலவற்றில் குத்தியிருக்கும், சிலவற்றில் பென்சிலால் எழுதியிருக்கும். கதவு எந்தக் காருக்கு, இடதா வலதா என்று வேலை செய்தவர்கள் தமக்காகப் போட்ட குறி. சேஸில் குத்திய எண்ணை அழித்து வேறு எண் குத்தும் திருடனுக்கு இந்தக் குறிகள் தெரியாது. ஆகவே அதுவே பெரிய சாட்சி. கையால் செய்ததால் ஒரு காரின் இடதுபக்கமும் வலதுபக்கமும்கூட ஒன்றாக இருக்காது. ஒரு காரின் பானெட் அதே மாடலில் இன்னொரு காருக்குச் சேராது. நம் ஒர்க்‌ஷாப்பில் அரை மில்லிமீட்டர் போனால் ரிஜெக்ட்! அங்கே அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அசலைக் கண்டுபிடிக்கிறார்கள். நகல் செய்பவன் இரண்டு பக்கத்தையும் சரியாகச் செய்து மாட்டிக்கொள்கிறான்.

இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாங்களும் பென்சில்ல எழுதுவோம் கண்ணு. தகரத்துக்கு உள்பக்கம். அப்பறம் பிளைவுட் போட்டு மூடிருவாங்க.”

“என்னன்னு எழுதுவீங்க?”

“வண்டி நம்பரு. இடதா வலதா. எத்தனை இஞ்சு.”

“பேரு?”

“பேரெல்லாம் எதுக்கு?”

அவர் அடித்த பஸ் எத்தனை ஓடுகிறதோ தெரியாது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சில வண்டிகளின் முன்பக்கம், ஹெட்லைட்டுக்கு மேல் வளையும் இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். “இது நம்ம கை” என்பார். கண்டக்டர் ஒரு மாதிரி பார்ப்பார். நான் சின்ன வயதில் வெட்கப்பட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். இன்று இதே வேலையைச் செய்ய ஃபெராரியில் ஒரு பிரிவே இருக்கிறது. 2006 முதல் நடக்கிறது. சேஸ், என்ஜின், கியர் பாக்ஸ், பாடி என்று ஒவ்வொன்றாகப் பழைய ரெக்கார்டோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் சிவப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்று தருவார்கள். தடவிப் பார்த்துச் சொல்வதற்குச் சம்பளம்!

அப்பா காந்தம் வைத்தும் பார்ப்பார். பட்டி கனமாகப் பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. விரல் கணுவால் தட்டினால் சத்தம் மாறும். பழைய கார் வாங்குபவர்கள் ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். “இந்தக் கதவு இந்த வண்டிது இல்லீங்க” என்று அவர் சொன்னால் பேரம் அங்கேயே நிற்கும். அலுமினியத்தில் காந்தம் உதவாது என்று நான் சொன்னபோது, கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப காதுதான்” என்றார்.

ராபர்டோ ரொசெல்லினி என்ற இத்தாலிய டைரக்டரைப் பற்றியும் அவருக்குச் சொன்னேன். 1956 கடைசியில் படம் எடுக்க நம் இந்தியாவுக்கு வந்தவர். அவரிடம் ஒரு ஃபெராரி 375 எம்.எம். இருந்தது, எண் 0402 ஏ.எம். பினின் ஃபரீனா கட்டிய திறந்த பாடி. அதை எடுத்துவிட்டு ஸ்காலியெட்டியிடம் கொடுத்து மூடிய பாடியாகக் கட்டச் சொன்னார். அந்த உருவத்தோடுதான் அது 2014இல் அமெரிக்காவில் பெப்பிள் பீச் என்ற இடத்தில் நடக்கும் கார் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. அங்கே ஒரு ஃபெராரிக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. அப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான்: “கழட்டுன பழைய பாடி என்னாச்சு?”

இந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் அப்பாவின் பட்டறையில் ஒரு நீள நோட்டுப் போட்டேன். வேலைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி. தேதி, வண்டி எண், சேஸ் எண், எந்தப் பாகம், புதுத் தகரமா பழையதை நிமிர்த்தியதா, எத்தனை கேஜ் தகரம், வேலை செய்தவர் பெயர். சனி ஞாயிறு நான் எழுதுவேன், மற்ற நாளில் அப்பா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதும். இதுவரை 41 வண்டி. முதல் வரியே ஒரு மினி லாரியின் கேபின் கதவு. வண்டிக்காரர் “எதுக்குத் தம்பி சேஸ் நம்பரெல்லாம்?” என்று சந்தேகமாகக் கேட்டார். விளக்கிச் சொன்னதும் தன் பெயருக்குப் பின்னால் இன்ஷியலையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

போன மாசம் அப்பா அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், நேரம் ஆகும். கடைசிப் பக்கம் வரைக்கும் போனார். பிறகு பெயர் எழுதிய கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “இதுக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போடு கண்ணு. பட்டி பாக்கற பையன் பேரு, பெயிண்ட் அடிச்சவன் பேரு, அதுவும் வரணும்” என்றார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன்.